சுவாஹிலி ஆண் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி: பெங்களூர்த் தமிழருக்கு ஒரு கையேடு

கம்மனஹள்ளி, ஹென்னூர், கொத்தனூர் பக்கம் மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர், கல்லூரி அட்மிஷன் கவுன்ட்டரில் இருப்பவர், மருத்துவமனையில் புது ஃபைல் போடுகிறவர் என்று இவர்களில் யார் கைக்கும் தான்சானியா பாஸ்போர்ட் ஒன்று வந்து சேரலாம். அதில் ‘ரஷீதி ஜூமா அதுமானி’ என்ற மாதிரி மூன்று பெயர் இருக்கும். எது ஆளின் பெயர்? எது சர்நேம்? என்ன பொருள்? தமிழில் எப்படி எழுதுவது? இணையத்தில் தேடினால் குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் ஆளுக்கொரு பொருள் சொல்லும்.

இந்த வேலை தமிழ் தெரிந்தவருக்கு மற்றவர்களைவிடச் சுலபம். சுவாஹிலிப் பெயர் உருவாகும் விதம் நம் பெயர்கள் உருவான விதத்தோடு பல இடங்களில் ஒத்துப்போகிறது.

முதலில், அது சுவாஹிலிப் பெயர்தானா?

சுவாஹிலி கிழக்காப்பிரிக்கக் கடற்கரையின் மொழி. ‘ஸாஹில்’ என்றால் அரபியில் கடற்கரை, அதன் பன்மை ‘ஸவாஹில்’. மொழியின் இலக்கணமும் அடிப்படைச் சொற்களும் பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடல் வாணிகம் வழியாக வந்த அரபுச் சொற்கள் ஏராளம், பாரசீகமும் கொஞ்சம் உண்டு. ஆண் பெயர்களில் பெரும்பகுதி இந்த அரபு வழியாக வந்தது.

ஆனால் கென்யாவிலிருந்தோ தான்சானியாவிலிருந்தோ வந்தவர் பெயரெல்லாம் சுவாஹிலி ஆகிவிடாது. தமிழ்நாட்டில் வசிக்கும் எல்லோர் பெயரும் தமிழ்ப் பெயர் இல்லை என்பது போலத்தான். ‘கிப்’ என்று தொடங்கினால் (கிப்சோகே, கிப்கேத்தர்) அது கலெஞ்ஜின் மக்களின் ஆண் பெயர். ‘ஒத்தியேனோ’ லுவோ மொழி, இரவில் பிறந்தவன் என்று பொருள். அதே பெயர் பெண்ணுக்கு ‘அத்தியேனோ’. ‘கமாவ்’ கென்யாவின் கிக்குயு மக்களுடையது. தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் கம்பராகே ஞெரேரே சுவாஹிலியை நாட்டின் மொழியாக்கியவர். அவருடைய கம்பராகே, ஞெரேரே இரண்டும் ஸனாகி மொழிப் பெயர்கள். இவற்றைச் சுவாஹிலி அகராதியில் தேடினால் கிடைக்காது, அல்லது வேறொரு சொல் கிடைத்து ஏமாற்றும்.

பட்டியல்களில் இருக்கும் பெரிய குளறுபடி இன்னொன்று. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் வேரைத் தேடியபோது சுவாஹிலியைப் பொது ஆப்பிரிக்க மொழியாகக் கையில் எடுத்தார்கள். 1966-இல் தொடங்கிய க்வான்ஸா விழாவின் பெயரே சுவாஹிலிதான். அந்த எழுச்சியில் பல ஊர்ப் பெயர்கள் ‘சுவாஹிலி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்தன. ‘க்வாமே’யும் ‘கோஃபி’யும் அப்படிப் பட்டியலில் வந்தால் நம்பாதீர்கள். அவை கானா நாட்டு அகான் மக்களின் பெயர்கள், முறையே சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பிறந்தவனைக் குறிப்பவை. கானா கண்டத்தின் மேற்குக் கரை, தான்சானியா கிழக்குக் கரை.

சோதிக்க ஒரு சின்ன வழி, எழுத்தைப் பார்ப்பது. சுவாஹிலி எழுத்துமுறையில் க்யூவும் எக்ஸும் கிடையாது. சி தனியாக வராது, எச்சோடு சேர்ந்து ‘ச்ச’ ஒலிக்கு மட்டும் வரும். சொல் உயிரெழுத்தில் முடியும். ஒரு பெயர் இந்த மூன்றுக்கும் பொருந்தினால் சுவாஹிலியாக இருக்கலாம், உறுதியில்லை. ஆனால் மெய்யில் முடிந்தால் சுவாஹிலி இல்லை என்று தள்ளவும் கூடாது. தான்சானியாவின் ஸான்ஸிபார் தீவில் அரபு எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்து சலீம், ரஷீத், ஹமத் என்று எழுதுவது வழக்கம்.

கடைசி உயிரை உரித்துப் பாருங்கள்

பொருள் காண்பதில் பாதி வேலை இந்த ஓரிடத்தில் முடிந்துவிடும்.

‘ரஷீத்’ என்ற அரபுப் பெயர் தமிழுக்கு வந்தபோது என்ன ஆனது? ‘ரஷீது’ ஆனது. ஹமீத் ‘ஹமீது’, தாவூத் ‘தாவூது’. மெய்யில் நிற்கப் பிடிக்காமல் நாம் ஓர் உகரம் சேர்த்துக்கொண்டோம். சுவாஹிலிக்காரர்களும் இதையே செய்தார்கள். அங்கே ரஷீத் ‘ரஷீதி’, ஹமீத் ‘ஹமீதி’, தாவூத் ‘தாவூதி’. நாம் உயிர் சேர்க்கும் இடத்திலெல்லாம் உகரம் போடுகிறோம், அவர்கள் மெய்யைப் பார்த்து உயிரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உதடு கூடிப் பிறக்கும் ஒலிக்குப் பிறகு உகரம் வரும்: ரஜப் → ரஜாபு, யூசுஃப் → யுசூஃபு, யாகூப் → யாகூபு, ஆதம் → அதாமு, சலீம் → சலீமு. மற்ற மெய்களுக்குப் பிறகு பெரும்பாலும் இகரம்: ஷஅபான் → ஷபானி, ஃபரஜ் → ஃபராஜி, உஸ்மான் → அதுமானி.

ஆகவே பெயரின் கடைசியில் இருக்கும் இகரத்தையோ உகரத்தையோ மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ கேட்ட பெயர் போல ஒலித்தால் வேர் கிடைத்துவிட்டது. அதுமானிதான் நம் உதுமான்.

உள்ளேயும் சில மாற்றங்கள் நடக்கும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மெய்களுக்கு நடுவே உயிர் நுழையும். அபூபக்ர் முன்பாதியை இழந்து ‘பக்காரி’ ஆவது இப்படி. ‘அய்’ என்ற கூட்டுயிர் ஏகாரமாகும்: ஸுபைர் → ஸுபேரி, ஸைஃப் → சேஃபு, நன்மை என்ற பொருளுள்ள கைர் → ஹேரி. தலை என்பதை ‘தலெ’ என்று பேசும் நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தொண்டையிலிருந்து வரும் அரபு ‘கஹ்’ ஒலி சாதாரண ஹகரமாகும். கமீஸ் என்ற வியாழக்கிழமை ‘ஹமீஸி’ ஆனதற்கு அதுதான் காரணம். அரபு ‘ளாத்’ எழுத்து நம்மிடம் லகரமாகி ரமலான் என்றானது. அவர்களிடம் அதே எழுத்து ‘அது’ என்பதில் வரும் தகரம் போல மென்மையாகி ‘ரமதானி’ ஆனது. பெயர் ஒன்றுதான்.

நாளும் மாதமும்

தான்சானியக் கடற்கரையிலும் உள்நாட்டிலும் மிகப் பரவலான ஆண் பெயர்களில் ஒன்று ‘ஜூமா’. வெள்ளிக்கிழமையோடு தொடர்புடைய பெயர், அன்று பிறந்த ஆண் குழந்தைக்கு வைப்பது. 1989-இல் நியூயார்க் மாரத்தான் பந்தயத்தை வென்ற தான்சானியர் ஜூமா இகாங்கா பெயரில் இருப்பது இதுதான். வியாழன் என்றால் ஹமீஸி.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ஜூமா’ என்ற சொல்லுக்குச் சுவாஹிலியில் ‘வாரம்’ என்றும் பொருள். கிழமைகள் அதை வைத்து எண்ணப்படுகின்றன. ஜுமாமோசி வாரத்தின் முதல் நாள், அது சனிக்கிழமை. ஜுமாபீலி இரண்டாம் நாள், ஞாயிறு. ஜுமாதாத்து திங்கள், ஜுமான்னே செவ்வாய், ஜுமாதானோ புதன். வியாழனும் வெள்ளியும் எண்ணால் வருவதில்லை, அரபிலிருந்து வந்த அல்ஹமீஸியும் இஜுமாவும்தான். ‘ஜுமான்னே’ என்பதும் ஆண் பெயராக வழங்குகிறது. பெயரைப் பிரித்து ‘வெள்ளி நான்கு’ என்று எழுதியிருந்தால் அது தவறு. நான்காம் நாளில், செவ்வாயில் பிறந்தவன் என்பதே சரி.

பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியை வைத்துக் கிழமையைச் சரிபார்க்க நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இஸ்லாமிய வழக்கில் நாள் சூரியன் மறைந்ததும் மாறிவிடுகிறது. வியாழன் இரவு எட்டு மணிக்குப் பிறந்த பிள்ளை அந்தக் கணக்கில் வெள்ளியில் பிறந்தவன், ஜூமா. அடுத்து, சுவாஹிலியில் மணி எண்ணுவது விடியலிலிருந்து. அவர்களுடைய காலை ஒரு மணி நம் ஏழு மணி, அவர்களுடைய இரவு இரண்டு மணி நம் இரவு எட்டு. பெற்றோர் சுவாஹிலியில் சொன்ன நேரத்தை யாராவது அப்படியே படிவத்தில் எழுதியிருந்தால் ஆறு மணி நேரம் பிசகும். உதயாதி நாழிகை பார்த்து ஜாதகம் எழுதிய வீடுகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மாதப் பெயர்களில் ரஜாபு, ஷபானி, ரமதானி மூன்றும் முக்கியம். ஹிஜ்ரி ஆண்டின் ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் ரமதானி என்ற பெயரை வைத்து இந்த மாதத்தில்தான் பிறந்திருப்பார் என்று ஆங்கிலத் தேதி சொல்ல முடியாது. உதாரணமாக 2000-ஆம் ஆண்டில் ரமலான் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் கடைசிவரை இருந்தது. அந்த டிசம்பரில் பிறந்த ரமதானிக்குப் பெயர் பொருந்தும். பெருநாளில் பிறந்தால் ‘ஈதி’. ஹஜ் காலத்தில் பிறந்தவருக்கு ‘ஹாஜி’ என்றே பெயர் இருக்கலாம். அதைப் பார்த்து மெக்கா போய் வந்தவர் என்று எழுதிவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. நாள் பொருந்தவில்லை என்றால் பாஸ்போர்ட்டைச் சந்தேகிக்காதீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் சகஜம். ‘பெயரன்’ என்ற சொல்லையே பேரன் ஆக்கிய மொழி நம்முடையது. தாத்தா வெள்ளியில் பிறந்திருப்பார், பேரன் திங்களில் பிறந்தும் ஜூமாதான்.

பொருளுள்ள பெயர்கள்

அரபு வேரிலிருந்து வந்தவற்றில் அடிக்கடி கண்ணில் படுபவை இவை. பராக்கா என்றால் ஆசி, அருள். நாம் பரக்கத் என்போமே, அது. அமானி அமைதி. ஃபராஜி துன்பத்துக்குப் பின் வரும் ஆறுதல், விடிவு. சூதி நல்ல நேரம், அதிர்ஷ்டம். தமிழில் சூது என்றால் வேறு, குழம்ப வேண்டாம். நூரு ஒளி. ஜஸீரி துணிவுள்ளவன். ‘பஹாத்தி’யும் அதிர்ஷ்டம்தான். அது பாரசீக ‘பக்த்’. இந்திக்காரர்கள் திட்டும் ‘கம்பக்த்’தில் இருப்பதும் அதே சொல், அதிர்ஷ்டம் குறைந்தவன் என்று பொருள்.

‘ஜபாரி’யைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பட்டியல்களில் வீரன், துணிச்சல்காரன் என்று போட்டிருக்கும். வேர் அரபு ‘ஜப்பார்’, அடக்கி ஆளும் வல்லமை உடையவன், இறைவனின் 99 திருநாமங்களில் ஒன்று. நம் ஊர் அப்துல் ஜப்பாரின் ஜப்பாரேதான். சுவாஹிலியிலும் முதலில் இறைவனின் வல்லமையைக் குறித்து, பிறகு அஞ்சாதவனையும் குறித்தது. இப்போது ரகரத்தை லகரமாக்கிப் பாருங்கள். ‘ஜபாலி’ என்றால் பாறை, மலை. அது அரபு ‘ஜபல்’. பாண்டு மொழி பேசுகிறவர்களில் பலருக்கு ரகரமும் லகரமும் இடம் மாறும். வாயால் கேட்டு எழுதினால் வல்லவன் பாறையாகிவிடுவான். கேட்டதை நம்பாமல் எழுத்தைப் பார்த்துப் பொருள் தேடுங்கள்.

பாண்டு வேர்ப் பெயர்களில் எல்லோருக்கும் தெரிந்தது ‘சிம்பா’, சிங்கம். சமஸ்கிருத ‘சிம்ஹ’த்தோடு ஒலி ஒத்திருப்பதால் நம் வணிகர்கள் கொண்டுபோன சொல் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸிம்பாப்வேயின் ஷோனா மொழியில் சிங்கம் ‘ஷும்பா’. கடற்கரைக்கு வெகு தூரத்தில் உள்ள பாண்டு மொழிகளிலும் உறவுச்சொல் இருக்கிறது, அதனால் வேர் அங்கேயேதான். ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு சொல்வது பெயராய்ச்சியில் அடிக்கடி நடக்கும் பிழை. ‘ம்வீஞி’ என்றால் தலைவன், உடையவன். 1985 முதல் 1995 வரை குடியரசுத் தலைவராக இருந்த அலி ஹசன் ம்வீஞி பெயரில் உள்ளது. 1962-இல் தங்கனிக்காவின் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) பிரதமராக இருந்தவர் ரஷீதி ம்ஃபாஊமே கவாவா. நடுவில் உள்ள ம்ஃபாஊமே, ‘ம்ஃபால்மே’ என்ற சொல்லின் இன்னொரு வடிவம், அரசன் என்று பொருள்.

‘மஜலீவா’ என்ற பெயர் சுவாஹிலி இலக்கணத்தை உள்ளங்கையில் காட்டும். ‘ஜலீயா’ என்றால் இறைவன் அருளிக் கொடுப்பது. நடுவில் வகரம் நுழைந்தால் செயப்பாட்டுவினை, ‘ஜலீவா’, அருளப்படுவது. முன்னால் ‘ம’ சேர்ந்தால் பெயர்ச்சொல். ஆக மஜலீவா என்றால் இறைவன் அருளியது, கொடுத்துவைத்தது. 2015-இல் தான்சானியப் பிரதமரான காசிம் மஜலீவா பெயரில் இருப்பது இதுதான். அகராதியில் ‘மஜலீவா’ கிடைக்கவில்லை என்றால் ம-வை எடுத்துவிட்டு ‘ஜலீயா’ என்று தேட வேண்டும். சுவாஹிலி அகராதியில் முன்னொட்டைக் கழற்றாமல் தேடினால் பல சொல் அகப்படாது.

பிறந்த வரிசையும் பெயராகும். இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வந்தது குல்வா, அடுத்தது தோத்தோ. இந்த வழக்கம் தான்சானியாவின் சுகூமா மக்களிடமிருந்து நாடு முழுவதும் பரவியது. ஆண் பெண் இருவருக்கும் வரும். ஒருவர் பெயர் குல்வா என்றால் உடன்பிறந்த இரட்டையர் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு வகையை மரியாதையோடு கையாள வேண்டும். ‘மஷாக்கா’ என்ற ஆண் பெயரை அகராதியில் பார்த்தால் சந்தேகங்கள், இன்னல்கள் என்று இருக்கும். ‘ஷீதா’, ‘தாபு’ என்றாலும் கஷ்டம்தான். இப்படியும் வைப்பார்களா என்று தோன்றலாம். பிள்ளை பிறந்த வேளையில் வீடு பட்ட பாட்டை நினைவில் நிறுத்தும் பெயர்கள் அவை. பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்ததற்குப் பிச்சை என்றும் குப்பு என்றும் பெயரிட்டுக் காப்பாற்றிய நமக்கு இந்த மனம் அந்நியமில்லை. பெயருக்குரியவரிடம் ‘உங்க பேருக்குத் தொல்லைன்னு அர்த்தமாமே’ என்று ஆரம்பிக்காதீர்கள். பெயர் வைத்த கதையைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆணா பெண்ணா

சுவாஹிலியில் அவன், அவள் என்ற வேறுபாடு கிடையாது, இரண்டுக்கும் ‘யேயே’ தான். அதனால் பெயரின் ஈற்றை வைத்துப் பால் முடிவு செய்ய முடியாது. ஜூமா, பராக்கா, மூசா, யோஹானா எல்லாம் ஆகாரத்தில் முடியும் ஆண் பெயர்கள். யோஹானா நம் பைபிளின் யோவான், பெட்ரோ நம் பேதுரு. நூரு, அமானி, பஹாத்தி போன்றவை இருபாலுக்கும் வரும், அமானி, ஈமானி இரண்டும் பெண்களிடம் நிறையவே உண்டு.

மிகவும் ஏமாற்றுவது ‘ம்வானா’ என்ற முன்னொட்டு. அகராதி பிள்ளை, மகன் என்று காட்டும். ஆனால் பெயரின் தொடக்கத்தில் வந்தால் பெரும்பாலும் பெண் பெயர்: ம்வானஹமீஸி, ம்வாஜூமா. ஹமீஸியும் ஜூமாவும் ஆண்கள். மதத்தையும் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். பராக்கா முஸ்லிம் வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் இருப்பார். சுவாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட் (1909–1962) பெயரில் ராபர்ட் இருந்தாலும் அவர் முஸ்லிம்.

மூன்று பெயரும் சர்நேமும்

பெங்களூரில் ஆதார், பேங்க், பள்ளி எங்கே போனாலும் ‘சர்நேம் என்ன’ என்ற கேள்வியில் மாட்டாத தமிழர் இல்லை. தான்சானியருக்கும் அதே பாடு. அவர்களிடம் பெரும்பாலும் வரிசை இப்படி இருக்கும்: முதலில் சொந்தப் பெயர், அடுத்தது அப்பா பெயர், மூன்றாவது தாத்தா பெயர். ரஷீதி ஜூமா அதுமானி என்றால் அதுமானியின் மகன் ஜூமாவின் மகன் ரஷீதி. நாம் இனிஷியலை முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுப்பெயராகப் பின்னால் போடுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம். சிலர் நடுவே ‘பின்’ சேர்ப்பார்கள், மகன் என்று பொருள். ‘பிந்தி’ வந்தால் மகள்.

இவரை ‘மிஸ்டர் அதுமானி’ என்று கூப்பிட்டால் தாத்தாவைக் கூப்பிடுகிறீர்கள். மரியாதைக்கு ‘ப்வானா ரஷீதி’, வயதானவரை ‘ம்ஸே’, கொஞ்சம் மூத்த இளைஞரை ‘காக்கா ரஷீதி’. காக்கா என்றால் அங்கே அண்ணன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்று அழைப்பதைக் கேட்டவர்களுக்கு வாயில் சுலபமாக வரும். மாறாக ‘தாதா’ என்றால் அங்கே அக்கா, ‘பாபு’ என்றால் தாத்தா, ‘மாமா’ என்றால் அம்மா. பிள்ளை பிறந்த பின் அப்பாவை ‘பாபா ஜூமா’, அம்மாவை ‘மாமா ஜூமா’ என்பார்கள். நம் தெருவில் ‘குமார் அம்மா’ என்கிறோமே, அது.

படிவத்தில் மட்டும் இந்தப் பண்பாட்டு அறிவைக் காட்ட வேண்டாம். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் ஆன்லைனில் போட வேண்டியதை எல்லோரும் ‘சி ஃபார்ம்’ என்பார்கள். அதிலும் கல்லூரிப் பதிவிலும் வாடகை ஒப்பந்தத்திலும் பாஸ்போர்ட் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது சர்நேம், பிறகு << என்று இரட்டை அம்புக்குறி, அதன் பின் மற்ற பெயர்கள், அவற்றுக்கு நடுவே ஒற்றை <. தாத்தா பெயர் சர்நேம் கட்டத்தில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். ‘ரஷீதி’யை ‘ரஷீத்’ என்று திருத்துவதும், ‘அல்லி’ என்று எழுத்துக்கூட்டிய பெயரை ‘அலி’ ஆக்குவதும் பின்னால் விசா நீட்டிப்பில் பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவைக்கும்.

தமிழில் எழுதும்போது

சுவாஹிலியில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில் விழும். அந்த அசையை நெடிலாக எழுதினால் தமிழ் வாசகர் சரியாகப் படிப்பார்: ஜ-பா-ரி, ர-ஷீ-தி, ஹ-மீ-ஸி, அ-து-மா-னி. ஒவ்வொரு உயிரும் தனி அசை. ‘துமயீனி’ (நம்பிக்கை) என்ற பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘துமைனி’ என்று படிப்பவர்கள் அதிகம். ம-வையும் ஈ-யையும் பிரித்து, ஈ-யில் அழுத்த வேண்டும்.

ககரத்தைக் கவனியுங்கள். ‘பராகா’ என்று ஒற்றைக் ககரம் போட்டால் நாம் அதை மெலிந்த ஒலியாகப் படிப்போம். மூல ஒலி வல்லினம், அதனால் ‘பராக்கா’, ‘பக்காரி’. ம்ப, ந்த, ங்க கூட்டங்களில் கவலையே வேண்டாம். சிம்பா என்று எழுதினால் நம் வாய் தானாகச் சரியாகச் சொல்லும். ஞகரம் நம் சொத்து. மற்ற பலர் ‘நியெரேரே’ என்று தடுமாறும் இடத்தில் ‘ஞெரேரே’ என்று ஒரே எழுத்தில் எழுதிவிடலாம். ‘அதுமானி’யில் வரும் தகரம் மட்டும் தமிழில் இல்லாத காற்றொலி, ‘தேங்க்ஸ்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது நாக்கு பல்லிடுக்கில் நிற்குமே, அது. ‘ரஷீதி’யில் உள்ள ஒலி டகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் நிற்பது. ரஷீது என்ற நம் மரபை ஒட்டித் தகரம் போடலாம். எதைப் போட்டாலும் ஒரே ஆவணத்தில் மாற்றாதீர்கள். ‘ம்வீஞி’ போன்று மெய்யில் தொடங்கும் பெயருக்கு முன்னால் இகரம் சேர்க்காமல் மெய்யோடே எழுதுவது நல்லது, அங்கே ம் கிட்டத்தட்ட தனி அசை போலவே நிற்கும்.

பிள்ளைக்குச் சுவாஹிலிப் பெயர் வைக்க நினைத்தால்

கிழக்காப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களும், கலப்புத் திருமணம் செய்தவர்களும் கேட்பது உண்டு. அகராதியில் முன்னால் சிறு கோடு போட்டிருக்கும் சொல்லைப் பெயராக எடுக்காதீர்கள். அந்தக் கோடு, இது வேர் மட்டும், முன்னொட்டு இல்லாமல் தனியே நிற்காது என்பதற்கு அடையாளம். ‘-ரேஃபு’ (உயரமான) அப்படிப்பட்டது. ஆளுக்கு ‘ம்ரேஃபு’, பொருளுக்கு ‘கிரேஃபு’ என்று மாறும். ஜஸீரி, ஹோதாரி (திறமைசாலி), இமாரா (உறுதியான) போன்றவை மாறாமல் நிற்கும், பெயராக எடுக்க ஏற்றவை.

வீட்டைச் சுற்றியுள்ள மொழிகளிலும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முதற்பிள்ளைக்கு வைக்கும் ‘மோசி’ இந்திக்காரர் காதில் சித்தியாகிவிடும். நியூமராலஜிக்காக ஜபாரிக்கு இன்னொரு பி சேர்ப்பதும் கடைசி எழுத்தை மாற்றுவதும் வேண்டாம். எழுத்து மாறினால் வேர் மாறும் என்பதை ஜபாலியில் பார்த்தோம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அவசரப்பட்டு ஒரு எழுத்துக்கூட்டலைக் கொடுத்துப் பிறகு திருத்த அலைவதைவிட அது மேல். கர்நாடகச் சான்றிதழில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் வரும். கன்னடத்தில் ப-வுக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, குறில் நெடிலும் உண்டு. பராக்காவின் முதலெழுத்தான மெலிந்த ப-வை (ஆங்கிலத்தில் பி) நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் அடிப்பவர் வல்லின ப போட்டுவிடுவார். கன்னடம் படித்த ஒருவரிடம் சொல்லிக் காட்டி, அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தையே கவுன்ட்டரில் நீட்டுங்கள், அச்சாவதற்கு முன் திரையில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.